மூடி வைக்காத வித்தை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமய உரைகளும் இலக்கிய உரைகளும் ஒலித்துப் பழகிய இம்மண்டபத்திலே, உள்ளங்கையளவான ஒரு மின்பலகையை ஏந்தி வந்து நிற்கும் என்னைப் பெரியோர் பொறுத்தருளல் வேண்டும். ஆயினும், நவராத்திரியின் முடிவிலே ஏட்டையும் எழுதுகோலையும் மட்டுமன்றி, உளியையும் சம்மட்டியையும் தையல் யந்திரத்தையும் பூசையில் வைத்து வணங்குபவர் நாம். கல்வி வேறு, கருவி வேறு என்று நம் முன்னோர் பிரித்தாரல்லர். ஆகவே ஒரு கருவியைப் பற்றியும், அக்கருவியோடு கூடப் பிறந்த ஓர் அறக்கேள்வியைப் பற்றியும் இச்சபையிலே பேசுவது பொருந்தாத செயலாகாது என்று துணிகின்றேன்.

கேள்வி இதுதான். ஒரு வித்தையைக் கண்டவன் அதனை மறைத்து வைத்துப் பயன்பெறுவதா, எல்லார்க்கும் திறந்து வைத்துப் பயன்பெறுவதா? திறந்து வைத்தால் அவனுக்குரிய பெயரும் ஊதியமும் என்னாகும்? இக்கேள்விக்கு ஏட்டளவிலே விடை கூறுதல் எளிது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளிலே ஒரு சிறு பலகை இக்கேள்வியை உலகச் சந்தையிலே நடத்திக் காட்டியிருக்கின்றது. அதன் பெயர் ஆர்டுயினோ.

பலகை யாது?

நம் வீட்டிலுள்ள சலவை யந்திரம், தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்படுத்தி, வீதியிலே செல்லும் மோட்டார் வண்டி ஆகிய எல்லாவற்றினுள்ளும் நுண்கட்டுப்படுத்தி எனப்படும் சில்லு உண்டு. கணினியின் மூளையும் நினைவும் வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் கால்களும் ஒரே சில்லினுள் அடங்கியிருப்பதே அதன் சிறப்பு. இச்சில்லைப் பாதுகாப்பாகப் பொருத்தி, மின்வழங்கலையும் கணினியோடு இணைக்கும் வாயிலையும் சேர்த்து அமைத்ததே நான் கையில் வைத்திருக்கும் பலகை.

2010ஆம் ஆண்டிலே வெளிவந்த 'ஊனோ' என்னும் பலகையை உதாரணமாகக் கொள்வோம். இதன் சில்லு செக்கனுக்கு 160 இலட்சம் துடிப்புக்களோடு இயங்குவது. செய்நிரலை வைத்திருக்க அதிலுள்ள இடம் 32 கிலோபைற்று. ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட பதினைந்து பதினாறு பக்கங்களுக்குச் சமம். வேலை செய்கையில் எண்களை நினைவில் வைத்திருக்க உள்ள இடமோ 2 கிலோபைற்று மாத்திரமே. இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் இது கடலின் முன் ஒரு துளி. ஆனால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதற்குக் கடல் வேண்டியதில்லை.

பலகையின் இரு ஓரங்களிலும் துளைகள் உள்ளன. அவற்றுள் பதினான்கு, 'உண்டு', 'இல்லை' என்னும் இரு நிலைகளை மட்டும் அறிபவை, அல்லது அறிவிப்பவை. வேறு ஆறு துளைகள், 0 முதல் 5 வோல்ற்று வரையுள்ள மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தருபவை. அஃதாவது ஒரு படிக்கு ஏறக்குறைய 5 மில்லிவோல்ற்று. வெளிச்சம், வெப்பம், மண்ணின் ஈரம் ஆகிய எதனையும் மின்னழுத்தமாக மாற்றித்தரும் உணரி ஒன்று கிடைக்குமாயின், இப்பலகை அதனை எண்ணாகப் படித்துவிடும்.

இதற்கு எழுதும் செய்நிரலும் இரண்டே பகுதிகளையுடையது. மின் வந்தவுடன் ஒரே ஒரு முறை செய்ய வேண்டியவை முதற்பகுதி; மின் உள்ளவரை ஓயாது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை இரண்டாம் பகுதி. காலையில் நீராடித் திருநீறணிவது ஒருமுறை. மூச்சு விடுவது நாள் முழுவதும் என்று நான் தம்பிமார்க்கு விளக்குவதுண்டு.

மாலையில் இருள் சூழ்ந்ததும் தானே எரியும் ஒரு சிறு விளக்கைச் செய்து பார்ப்போம். வெளிச்சம் படப்படத் தன் மின்தடை குறையும் உணரியொன்றையும், 10,000 ஓம் தடையி ஒன்றையும் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் இடத்தை ஒரு துளையிலே செருகுகின்றோம். உணரியின் மறுமுனை 5 வோல்ற்றுக்கும், தடையியின் மறுமுனை பூச்சியத்துக்கும் செல்கின்றன. பகலில் எண் உயர்கின்றது, இரவில் தாழ்கின்றது. எண் 300க்குக் கீழ் வந்தால் விளக்கை ஏற்று என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்தி வேளையிலே எண் 299க்கும் 301க்கும் இடையே ஊசலாட, விளக்கும் கண்சிமிட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே 300க்குக் கீழே சென்றால் ஏற்று, 400க்கு மேலே சென்றால் மாத்திரம் அணை என்று இரண்டு எல்லைகள் வைக்க வேண்டும். இந்தச் சிறு உபாயமே குளிர்சாதனப் பெட்டியினுள்ளும் மின்னழுத்தியினுள்ளும் இருப்பது. புத்தகத்திலே படித்தால் மறந்துவிடும். தன் கையினாற் செய்து, விளக்குச் சிமிட்டுவதைக் கண்டு, காரணத்தைத் தேடித் திருத்தியவன் மறவான். இப்பலகையின் கல்விப் பயன் இதுவேயாகும்.

இவ்ரேயா நகரிலே

இத்தாலியின் வடபாகத்திலே, தூரின் மாநகருக்கு அண்மையில் இவ்ரேயா என்றொரு சிறு நகரம் உண்டு. 1908ஆம் ஆண்டிலே கமில்லோ ஒலிவெத்தி என்பவர் தட்டச்சு யந்திரத் தொழிற்சாலை நிறுவிய ஊர் அது. தொழிலாளர்க்கு வீடும் நூலகமும் கட்டிக்கொடுத்த அத்தொழிற்சாலையின் புகழ் காரணமாக 2018இல் அந்நகர் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. தட்டச்சு யந்திரத்தின் காலம் மறைந்தபின், 2001இல், பொருள்களுக்கும் மனிதர்க்குமிடையே நிகழும் உறவை வடிவமைக்கும் கலையைக் கற்பிக்கவென அங்கே ஒரு பட்டப்பின் கல்விநிலையம் திறக்கப்பட்டது.

அங்கு வந்த மாணாக்கர் பலர் மின்பொறியியல் கற்றவரல்லர். ஓவியரும் கட்டடக் கலைஞரும் வடிவமைப்பாளருமே. தாம் கற்பனை செய்த பொருளை அசையச் செய்தும் ஒளிரச் செய்தும் பார்க்க அவர்க்கு ஒரு மின்பலகை வேண்டியிருந்தது. அக்காலத்திலே சந்தையிலிருந்தவை மாணாக்கர் கைக்கு விலை எட்டாதவை. அல்லது பொறியியலாளர்க்கன்றிப் பிறர்க்கு விளங்காதவை.

கொலொம்பியா நாட்டிலிருந்து வந்த ஹெர்னாண்டோ பராகான் என்னும் மாணாக்கர் இக்குறையைத் தம் முதுமாணி ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவிலே கேசி றீஸ், பென் பிறை என்னும் இருவர் 2001இல் தொடங்கிய 'புறொசெசிங்' என்னும் மென்பொருள், ஓவியரும் எளிதில் செய்நிரல் எழுத வழி செய்திருந்தது. அதே எளிமையை மின்பலகைக்கும் கொண்டுவந்து 'வயரிங்' என்னும் அமைப்பை 2004இல் பராகான் ஆய்வாகச் சமர்ப்பித்தார். றீஸ் என்பவரும், அக்கல்விநிலையத்தின் ஆசிரியரான மாசிமோ பான்சி என்பவரும் அவருக்கு வழிகாட்டிகள்.

அடுத்த ஆண்டிலே, 2005இல், பான்சியும் டேவிட் குவார்த்தியேயெஸ், டேவிட் மெலிஸ், டொம் ஐகோ, ஜான்லூக்கா மார்ட்டினோ ஆகியோரும் சேர்ந்து, விலை குறைந்த சில்லொன்றைக் கொண்டு இன்னும் மலிவான பலகையொன்றை உருவாக்கினர். 1002ஆம் ஆண்டிலே இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயின் என்பவன் அவ்வூரைச் சேர்ந்தவன். அவன் பெயரால் அங்கே ஒரு மதுச்சாலை இருந்தது. நண்பர்கள் கூடிப் பேசிய அம்மதுச்சாலையின் பெயரே பலகைக்குப் பெயராயிற்று. மதுச்சாலையை இச்சபையிலே குறிப்பிட்டமைக்குப் பெரியோர் என்னை மன்னிப்பாராக. வரலாற்றை மாற்ற எனக்கு அதிகாரமில்லை!

திறந்து வைத்தமை

அவ்வேளையிலே அக்கல்விநிலையம் பணமின்றி மூடப்படும் நிலையை எய்தியது. நிலையம் மூடினால் அதன் உடைமைகளோடு இப்பலகையின் வரைபடங்களும் எங்கேனும் ஒரு பெட்டியினுள் பூட்டப்பட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். பூட்டப்படாதிருக்க ஒரே வழி, அதனை எவர்க்கும் உரியதாக்கிவிடுதல். மென்பொருள் உலகிலே 1983 முதல் றிச்சட் ஸ்டோல்மனும், 1991 முதல் லினக்ஸ் என்னும் அமைப்பின் மூலம் லினஸ் டோவால்ட்சும் காட்டிய வழி அது. அவ்வழியை இவர்கள் பொருளாகக் கையிற் பிடிக்கக்கூடிய ஒரு பண்டத்துக்குப் பயன்படுத்தினர்.

மின்சுற்றின் வரைபடம், பலகையில் செப்புக் கோடுகள் ஓடும் முறை, செய்நிரல் எழுதும் மென்பொருள் ஆகிய யாவும் வெளியிடப்பட்டன. எவரும் அவற்றை எடுக்கலாம். அதன்படி பலகை செய்யலாம். விற்று இலாபமும் பெறலாம். வரைபடத்துக்கு இரண்டு நிபந்தனைகள் மாத்திரம் உண்டு. மூலத்தைச் செய்தவர் பெயரைக் கூறல் வேண்டும்; வரைபடத்திலே திருத்தஞ் செய்து வெளியிட்டால், அத்திருத்தத்தையும் அவ்வண்ணமே பிறர்க்குத் திறந்து வைத்தல் வேண்டும். 'ஆர்டுயினோ' என்னும் பெயரை மாத்திரம் தம் வியாபாரக் குறியாக வைத்துக்கொண்டனர். ஒத்த பலகையைச் செய்து வேறு பெயரில் விற்பது நேர்மையான தொழில். அதே பெயரைப் பொறித்து விற்பது களவு. இந்த வேறுபாட்டைக் கடையிலே வாங்கும் நாமும் அறிந்திருத்தல் நன்று.

இந்நிபந்தனைகளை நோக்குங்கள், நண்பர்களே! முதலாவது செய்ந்நன்றியறிதல். இரண்டாவது பெற்றதைப் பெருக்கிப் பிறர்க்கு ஈதல். நம் மரபிலே வித்தியாதானம் என்று எதைச் சொல்கின்றோமோ, அதனைச் சட்டத்தின் மொழியிலே எழுதிவைத்தது போலன்றோ இஃது இருக்கின்றது!

விளைந்த பயன்

திறந்து வைத்ததனால் விளைந்தவை பல. இரண்டை மாத்திரம் கூறுவேன்.

இங்கிலாந்திலே பாத் நகர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்றியன் போயர் என்பவர், 2005இல், தன் உறுப்புக்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சு யந்திரமொன்றைச் செய்ய முற்பட்டு, அதன் வரைபடங்களையும் திறந்து வைத்தார். அவ்வழியில் வந்த யந்திரங்கள் பலவற்றுக்கு மூளையாக அமைந்தது ஆர்டுயினோவின் பெரிய பலகையே. இத்தொழிலிலே ஒரு முக்கியமான காப்புரிமை 2009இல் காலாவதியானதும், பெருந்தொழிற்சாலைகள் மாத்திரம் வைத்திருந்த யந்திரம் பாடசாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் எட்டும் விலைக்கு இறங்கிற்று. ஒருவர் திறந்த வாயிலும் மற்றவர் திறந்த வாயிலும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்தமையால் உண்டான பயன் இது.

இரண்டாவது செய்தி இன்னும் பாரமானது. 2011 மார்ச் 11ஆம் நாள் யப்பானிலே பூமியதிர்ச்சியும் கடற்பெருக்கும் உண்டாகி, புகுஷிமா அணுமின் நிலையம் சிதைந்தது. தம் தெருவிலே, தம் பிள்ளைகளின் பாடசாலை முற்றத்திலே கதிர்வீச்சு எவ்வளவு என்று அறிய மக்கள் துடித்தனர். கதிர்வீச்சை அளக்கும் கைகர் மானிகளோ கடைகளில் விற்றுத் தீர்ந்துவிட்டன. அரசாங்கம் வெளியிட்ட அளவுகளோ ஒவ்வொரு தெருவுக்கும் போதுமானவையாக இருக்கவில்லை. அப்போது 'சேவ்காஸ்ட்' என்னும் தொண்டர் குழுவொன்று எழுந்தது. கைகர் மானியோடு, ஆர்டுயினோ வகைப் பலகையொன்றையும், இருக்குமிடத்தை அறியும் கருவியையும் சேர்த்து ஒரு சிறு பெட்டியில் அடைத்து, மோட்டார் வண்டியின் யன்னலில் மாட்டிக்கொண்டு வீதி வீதியாகச் சென்றனர். பின்னர் அப்பெட்டியை எவரும் தாமே பொருத்தும் வகையிலே தொகுதியாகவும் கொடுத்தனர். திரட்டிய அளவுகள், இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்டவை, எவர்க்கும் எவ்வித உரிமைத் தடையுமின்றிக் கிடைக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனின், அவ்வளவுகள் அச்சமூட்டியும் உதவின. அச்சம் தீர்த்தும் உதவின என்பதே. ஊர் முழுவதும் ஒரே அளவாகப் பாதிக்கப்படவில்லை. ஒரு தெரு அபாயமாக இருக்க, அடுத்த தெரு அவ்வாறில்லாதிருந்தது. கருவியின் உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கக்கூடியதாயிருந்தமையால், அளவைப் பற்றிய ஐயத்தை ஆராய்ந்து தீர்க்கவும் வழியிருந்தது. மூடிய பெட்டி கூறும் எண்ணை நம்பலாம், அல்லது நம்பாது விடலாம். திறந்த பெட்டி கூறும் எண்ணையோ சோதிக்கலாம்.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்வளவும் கூறி நிறுத்தினால் நான் விற்பனைக்காரனாவேனேயன்றி மாணாக்கனாகேன். திறந்து வைத்தல் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை.

முதலாவது, நன்றியைப் பற்றிய வழக்கு. ஆர்டுயினோ உலகப் புகழ் எய்தியபோது, அதற்கு அடித்தளமிட்ட வயரிங்கையும் அதன் ஆசிரியரையும் அறிந்தோர் சிலரே. ஆர்டுயினோவின் ஏடுகளிலே வயரிங்கின் பெயர் காணப்பட்டதுண்டு. ஆயினும் 2016இல் பராகான் தம் பக்கத்து வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். தம்மை அழைக்காமலே தம் வேலையிலிருந்து புதிய கிளை பிரிக்கப்பட்டது என்பதும், தமக்குரிய பெயர் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை என்பதும் அவருடைய முறைப்பாடு. சட்டத்தின்படி பிழையில்லை, அவரும் தம் வேலையைத் திறந்தே வைத்திருந்தார். ஆனால் சட்டம் முடியுமிடத்தில் அறம் முடிந்துவிடுவதில்லை. உரிமப் பத்திரத்தின் மூலையிலே ஒருவர் பெயரை எழுதுவது வேறு. சபையிலே அவரை அழைத்து இருத்துவது வேறு.

இரண்டாவது, பெயரைப் பற்றிய பூசல். வரைபடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் பெயரைப் பகிர முடியாது தடுமாறினர். ஐவருள் ஒருவருடைய தொழிற்சாலை அப்பெயரை இத்தாலியிலே தன் பெயரிற் பதிந்துகொள்ள, ஏனையோர் அமெரிக்காவிலே பதிந்துகொள்ள, 2015இல் வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. அமெரிக்காவுக்கு வெளியே 'ஜெனுயினோ' என்னும் வேறு பெயரிலும் பலகைகள் விற்கப்பட்டன. 2016 ஒக்டோபரிலே இரு பகுதியாரும் சமாதானமாயினர்.

மூன்றாவது, பலகை திறந்ததாயினும் அதன் மேலுள்ள சில்லு திறந்ததன்று. அது ஒரு கம்பனியின் இரகசியம். இதனால் உண்டாகும் இடரை 2014 ஒக்டோபர் காட்டிற்று. பலகையைக் கணினியோடு இணைக்கும் சில்லுகளைச் செய்யும் எப்.ரி.டி.ஐ. என்னும் கம்பனி, தன் சில்லைப் போலவே செய்யப்பட்ட போலிகளைக் கணினி இனங்காணாதவாறு செய்யும் மென்பொருளொன்றை வெளியிட்டது. விண்டோஸ் கணினிகள் அதனைத் தாமாகவே ஏற்றுக்கொண்டன. போலி என்றறியாமல் விலை கொடுத்து வாங்கியவர்களின் பலகைகள் ஓரிரவிலே செயலற்றுப் போயின. கண்டனம் எழுந்த பின்னர் அம்மென்பொருள் மீளப்பெறப்பட்டது. கள்வனைத் தண்டிக்கப் புறப்பட்ட கோல், அப்பாவியின் முதுகில் விழுந்தது.

நான்காவது, அண்மைச் செய்தி. 2025 ஒக்டோபரிலே, அமெரிக்காவின் பெருஞ் சில்லுக் கம்பனியான குவால்கம், ஆர்டுயினோவைத் தான் வாங்கப்போவதாக அறிவித்தது. பலரும் திடுக்கிட்டனர். ஆனால் இங்கேதான் திறந்து வைத்ததன் பலம் விளங்குகின்றது. ஊனோவின் வரைபடம் ஏற்கெனவே உலகத்தின் கையிலிருக்கின்றது. கம்பனியை வாங்கலாம், பெயரை வாங்கலாம், கொடுத்துவிட்ட வித்தையைத் திரும்ப வாங்க இயலாது. கல்விநிலையம் மூடப்படும் என்று அஞ்சி 2005இல் செய்த காரியம், இருபது ஆண்டின் பின்னும் காவலாக நிற்கின்றது.

நாம் செய்யக்கூடியது

தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு என் சிற்றறிவுக்கெட்டிய விடை இது. திறந்து வைத்தவர் பட்டினி கிடக்கவில்லை. தரமான பலகையும் நம்பத்தக்க பெயரும் அவர்க்கு ஊதியம் தந்தன. வித்தையும் அழியவில்லை. ஆயின், கொடுப்பவர் திறந்த மனத்தோடு கொடுத்தால் மட்டும் போதாது. பெறுபவர் நன்றியோடு பெறுதலும் வேண்டும். பராகானின் மனக்குறை பெறுபவர் பகுதியிலுள்ள குறையாகும். நாமோ இன்று பெறுபவர் வரிசையிலே நிற்கின்றோம். ஆகையால் அக்குறை நம்மைப் பற்றியது.

கருவி எங்கிருந்து வந்தது என்பது இழுக்கன்று. மிஷனரிமாரின் பாடசாலையிலே கற்று, அவர்களுடைய வேதத்தைத் தமிழாக்குவதற்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். கருவியைக் கற்றார்; அதன்பின் தாம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மிஷன் பாடசாலையிலே படித்த என்போன்றோர்க்கு அவர் வாழ்வு ஒரு தனிப்பாடம். வாங்கிய யந்திரத்தை வெறுமனே சுழற்றி வேடிக்கை பார்த்திருந்தால் அவரை இன்று யார் நினைப்பார்?

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, சங்க நூலகத்திலே நூல்களோடு இத்தகைய பலகைகள் சிலவும், உணரிகளும் தடையிகளும் அடங்கிய ஒரு பெட்டியும் வைப்போம். நூலை இரவல் கொடுப்பது போல அவற்றையும் கொடுப்போம். இரண்டு, செய்து பார்ப்பவர் ஒவ்வொருவரும், செய்த முறையையும் தவறிய இடத்தையும் தமிழிலே ஒரு கொப்பியில் எழுதி வைப்பாராக. யாருடைய செய்நிரலை எடுத்தாண்டார் என்பதையும் முதற்பக்கத்தில் எழுதுவாராக. அடுத்து வருபவன் அங்கிருந்து தொடங்குவான். மூன்று, தம்பிமார்க்கு ஓர் எச்சரிக்கை. பலகையின் 5 வோல்ற்று தீங்கு செய்யாது; சுவரிலுள்ள 230 வோல்ற்று உயிரைக் குடிக்கும். வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலையைத் தேர்ந்த மின்னியலாளர் ஒருவர் அருகிலின்றிச் செய்யாதீர்கள். சிறு விளக்கை இணைக்கும்போதும் 220 ஓம் தடையி ஒன்றைச் சேர்க்க மறவாதீர்கள். 5 வோல்ற்றிலே விளக்கு ஏறக்குறைய 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ற்றைத் தடையி தாங்கி, மின்னோட்டத்தை 14 மில்லியம்பியருக்குள் அடக்கிவிடும். அடக்கம் விளக்குக்கும் நல்லது, பலகைக்கும் நல்லது, பேச்சாளனுக்கும் நல்லது.

அடுத்த நவராத்திரியிலே ஏடுகளுக்கும் உளிக்கும் அருகே இச்சிறு பலகையையும், நம் வாலிபர் எழுதிய கொப்பிகளையும் வைத்து வணங்கும் பேறு இச்சங்கத்துக்குக் கிட்டுவதாக.